பர்மாவுல நாமதாங்க சேட்டு

அந்தியூர் டீக்கடையில உக்காந்தா இந்தப் பேச்சு கட்டாயம் காதுல விழும். "கடைவீதி பூரா சேட்டுங்க கைக்குப் போகுது, மில்லு பூரா வடக்கத்திப் பசங்க." அந்த ஆத்தாமை புரியுது. ஆனா இதே பேச்சை நம்ம ஆளுங்களைப் பாத்து ஒரு நாடே பேசியிருக்குங்க. பர்மா.

வெள்ளைக்கார வங்கிகள் பர்மிய விவசாயியை சீண்டாத காலத்துல, கடன் குடுத்தது நாட்டுக்கோட்டை செட்டியார்கள். ஐராவதி டெல்டா நெல் வயலா மாறினதுல அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1930 வாக்குல நெல் விலை படுத்துது. கடன் திரும்பல, அடமான நிலம் கைமாறுச்சு. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில. 1938ல 25 சதவீதம். அவங்க கேட்டது பணத்தைத்தான், நிலத்தை இல்ல. நிலம் போனவனுக்கு அந்த வித்தியாசம் எதுக்கு?

ஆக கோபம் நியாயம்தான். அது யார் தலையில விடிஞ்சுதுன்னு பாருங்க. 1930 ரங்கூன் கலவரத்துல அடி வாங்கினது துறைமுகத்துல மூட்டை தூக்கின தெலுங்குக் கூலிங்க. 1964ல நே வின் அரசு கடைகளை தேசியமயமாக்கினப்ப, சின்னக் கடைக்காரங்களும் சேர்ந்து சில வருஷத்துல சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பிட்டாங்க. சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவங்க போட்டதுதான்.

இத்தனைக்கும் நிலம் கைமாறறதைக் கட்டுப்படுத்த சட்டம் வந்தது 1941ல. அடுத்த வருஷமே ஜப்பான் படை ரங்கூன்ல!

இது பழைய கதைன்னு தள்ளிட முடியாது. நைரோபில ஈஸ்ட்லிங்கற பகுதியை சோமாலிக்காரங்க பெரிய வியாபார மையமா வளத்தாங்க. 2014ல குண்டுவெடிப்பு, தாக்குதல்களுக்கு அப்புறம் கென்ய போலீஸ் அங்க புகுந்து ஆயிரக்கணக்கான பேரைப் பிடிச்சுது. குத்தம் செஞ்சவன் யாருன்னு தேடறதை விட, எந்த ஊர்க்காரன்னு பாக்கறது சுலபம் பாருங்க.

நம்ம பக்கம் 2023 மார்ச்ல, பீகார் தொழிலாளிகளை அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சு. பயந்து ரயில் ஏறினது கூலிக்கு வந்த பசங்க. எந்த முதலாளியும் இல்ல.

என் கட்சி இதுதாங்க. வட்டி அதிகமா? வட்டியைக் கேளுங்க. உள்ளூர் ஆளுக்கு வேலை இல்லையா? கூலியையும் நேரத்தையும் கேளுங்க. அடமானச் சட்டம் சரியில்லையா? எம்.எல்.ஏ.வைக் கேளுங்க. இதெல்லாம் காலத்துல கேட்டா தீர்வு கிடைக்கும். "நீ எந்த ஊருடா"ன்னு கேட்டா எதுவும் கிடைக்காது. அதே கேள்வியை டல்லாஸ்லயும் டொராண்டோலயும் என்னை மாதிரி ஐடி பசங்களைப் பாத்து யாராவது கேட்டா, நாம என்ன பதில் வெச்சிருக்கோம்?