முடியை வெட்டலாம், தோலை?

1969-ம் வருஷம் அமெரிக்காவில் “ஈஸி ரைடர்” என்று ஒரு படம் வெளிவந்தது. சுமார் நாலு லட்சம் டாலரில் எடுத்த படம், கோடிக்கணக்கில் வசூலித்தது. டென்னிஸ் ஹாப்பர் இயக்கி நடித்தார். பீட்டர் ஃபோண்டா தயாரித்து நடித்தார்.

கதை சின்னது. நீண்ட முடி வளர்த்த இரண்டு வெள்ளை வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் திருவிழாவுக்குப் புறப்படுகிறார்கள். விடுதிக்காரன் இடம் தர மறுக்கிறான். தெற்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் ஊர்ப் பெரியதனக்காரர்கள் காதுபடக் கேவலமாய்ப் பேசுகிறார்கள். போலீஸ்காரனும் கூடச் சேர்ந்துகொள்கிறான். அன்றிரவு தூங்கும்போது தடியால் அடிக்கிறார்கள். வழித்துணையாக வந்த வக்கீல் செத்துப்போகிறான். கடைசியில் லாரியில் வந்த இரண்டு பேர் முடியைக் கேலி செய்து, துப்பாக்கியால் இவர்களையும் முடித்துவிடுகிறார்கள். ஏன்? முடி நீளமாம்!

சாவதற்கு முன் அந்த வக்கீல் ஒரு விஷயத்தைச் சரியாகத் தொடுகிறான். சந்தையில் விலைபோகிறவன் சுதந்திரத்தைப் பற்றி ஓயாமல் பேசுவான், சுதந்திரமாக நடமாடும் ஒருவனைக் கண்டால் மிரளுவான் என்பது அவன் கருத்து. ஜாக் நிக்கல்சன் நடித்த பாத்திரம் இது. படத்திலேயே உருப்படியான பேச்சு இதுதான் என்பேன்.

ஆனால் இந்த வாலிபர்களின் சுதந்திரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மெக்ஸிகோவில் கொக்கேய்ன் வாங்கி ஒரு பணக்காரனுக்கு விற்று, அந்தப் பணத்தைப் பெட்ரோல் டாங்கிக்குள் மறைத்துக்கொண்டுதானே போகிறார்கள்? அவர்களும் அதே சந்தையின் வியாபாரிகளே. நடுவழியில் ஒரு கூட்டம் நகரத்தை உதறிவிட்டு வந்து வறண்ட மண்ணில் விதை தூவுகிறது. ஏர் பிடித்தவன் பார்த்தால் சிரிப்பான். கதாநாயகனோ, இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்கிறான்!

முடியை வெட்டிக்கொண்டால் இந்த இருவரும் தப்பியிருக்கலாம். தோலை எங்கே வெட்டுவது? தெற்கத்திக் கறுப்பின மக்களின் குடிசைகள் படத்தில் சாலையோரம் வருகின்றன, போகின்றன. வண்டி நிற்பதில்லை. சுட்டவனுக்கு அந்த வெறியை ஊட்டியது யார் என்றும் படம் கேட்கவில்லை. கூலி குறைந்தாலும் தோல் வெள்ளை என்ற பெருமையைக் கொடுத்து ஏழை வெள்ளையனைப் பிரித்துவைத்தது தெற்கத்தி நிலச்சுவான்தார்களின் பழைய தந்திரம்.

உலகமே வியந்த அந்த மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் என்ற இரண்டு கறுப்பர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வெறுப்பைக் கண்டிக்கும் படத்திலேயே இந்தக் கதி!

திருவிழாக் காட்சிகளை எடுத்தது 1968 பிப்ரவரியில். அதே மாதம், அதே மிஸிஸிப்பி ஆற்றங்கரையில், வடக்கே மெம்பிஸ் நகரில் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அநேகமாக எல்லோரும் கறுப்பர்கள். குப்பை லாரியின் யந்திரத்தில் இரண்டு தொழிலாளர்கள் நசுங்கிச் செத்ததன்மேல் எழுந்த போராட்டம் அது. “நான் மனிதன்” என்று எழுதிய அட்டையை ஏந்தி ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4-ம் தேதி சுட்டுக் கொன்றார்கள். தொழிலாளர்கள் கலையவில்லை. ஏப்ரல் 16-ம் தேதி நகர நிர்வாகம் சங்கத்தை ஏற்றது, கூலியையும் உயர்த்தியது.