பைஜூஸ் வீழ்ச்சியும் நம் வகுப்பறைகளின் வசதியான விளக்கமும்

பைஜூஸ் நிறுவனத்தின் வீழ்ச்சியை ‘நிர்வாகக் குறைபாடு’ என்ற ஒற்றைத் தொடரால் முடித்துவைக்கும் வழக்கம் நம் மேலாண்மைத் துறைகளில் நிலைபெற்றுவிட்டது. கணக்குகள் உரிய காலத்தில் தாக்கல் செய்யப்படவில்லை, இயக்குநர் குழு கேள்வி கேட்கவில்லை, பிற நிறுவனங்களை வாங்குவதில் அளவு மீறினார்கள். ஆயினும் அவர்களுடைய சந்தைப்படுத்தல் அபாரமானது. இப்படித்தான் வகுப்பு முடிகிறது. மாணவர்களும் அக்கடைசி வாக்கியத்தைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டுக்கொள்கிறார்கள். அந்த வாக்கியத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன். அபாரம் என்று நாம் கற்பிக்கும் அந்தச் சந்தைப்படுத்தலில்தான் கேடு தொடங்கிற்று. கணக்கேட்டில் பின்னர் தெரிந்தது அதன் தொடர்ச்சி.

நம் துறையில் நினைவு குறுகியது என்பதால் நடந்தவற்றை ஒருமுறை நிரல்படுத்திக்கொள்வோம். கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன் 2011இல் தொடங்கிய திங்க் அண்ட் லேர்ன் நிறுவனம் 2015இல் தன் செயலியை வெளியிட்டது. 2017இல் ஷாருக் கான் அதன் விளம்பர முகமானார். 2019இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர் ஏறியது. 2020 ஆகஸ்டில் ஒயிட்ஹாட் ஜூனியரை 30 கோடி டாலருக்கும், 2021 ஏப்ரலில் ஆகாஷ் பயிற்சி நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கும் வாங்கியது. 2022இல் முதலீட்டாளர்கள் அதற்கு இட்ட மதிப்பு 2,200 கோடி டாலர். அவ்வாண்டு அக்டோபரில் 2,500 ஊழியர்களை விலக்கப்போவதாக அறிவித்த நிறுவனம், நவம்பரில் லயனல் மெஸ்ஸியைத் தன் உலகளாவிய தூதராக அறிவித்தது. 2024 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்க அனுமதித்தது. மனுதாரர் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம். நிலுவை 158 கோடி ரூபாய். வீரர்களின் நெஞ்சில் பெயர் பொறித்துக்கொண்டதற்கான பாக்கியே நிறுவனத்தைத் தீர்ப்பாயத்தின் வாசலில் நிறுத்தியது.

இனி பொருளுக்கு வருகிறேன். தயாரிப்பு உத்தி பற்றிய எந்த அடிப்படைப் பாடமும் பயனரை அறிந்துகொள் என்பதிலிருந்தே தொடங்கும். கல்விச் செயலியில் பயனர் யார்? பத்து வயதுப் பிள்ளை. பணம் கொடுப்பவர் யார்? அப்பிள்ளையின் பெற்றோர். இந்த இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதே இத்தொழிலின் மையமான உண்மை. பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பது தெரிய ஈராண்டு ஆகலாம். பெற்றோருக்கு அச்சம் ஊட்ட ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு நிறுவனம் தன் ஆற்றலை இவ்விரண்டில் எதன்மேல் செலுத்துகிறது என்பதைப் பொறுத்தே அது கல்வி நிறுவனமா விற்பனை நிறுவனமா என்பது தீர்மானமாகிறது.

நடைமுறை எப்படி இயங்கியது என்பது இன்று பொதுவெளியில் உள்ளது. ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ‘இலவச வகுப்பு’ என்ற விளம்பரம் வரும். பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்த நொடியில் அந்தக் குடும்பம் ஒரு விற்பனைப் பட்டியலில் ஏறிவிடும். அழைப்பு வரும், மீண்டும் வரும். பிறகு ஒருவர் வீட்டுக்கே வருவார். பல ஆண்டுகளுக்கான பாடங்களை ஒரே பொதியாகக் கட்டி விலை சொல்வார். கையில் பணமில்லை என்றால் நிதி நிறுவனம் ஒன்றின் கடன் ஏற்பாடாகும், மாதத் தவணையில். 2021 டிசம்பரில் பிபிசி பெற்றோர் சிலரிடமும் முன்னாள் ஊழியர்களிடமும் பேசி வெளியிட்ட செய்தியில், ஓயாத அழைப்புகள், பணத்தைத் திரும்பப் பெற முடியாத அலைச்சல், ஊழியர்கள்மீது ஏற்றப்பட்ட இலக்குகளின் சுமை ஆகியவை பற்றிய குற்றச்சாட்டுகள் இடம்பெற்றன. நிறுவனம் அவற்றை மறுத்தது. அதே மாதம் ஒன்றியக் கல்வி அமைச்சகம் நிறுவனங்களின் பெயரைச் சுட்டாமல் பெற்றோருக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. இலவசச் சேவை என்ற போர்வையில் சில நிறுவனங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலைப் பெற்றுக்கொள்கின்றன, எளிய குடும்பங்களே பெரிதும் குறிவைக்கப்படுகின்றன என்று அது எச்சரித்தது. ஓர் அமைச்சகம் இதை எழுத நேர்ந்தது என்றால் நிலைமை எதுவரை சென்றிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சமூக ஊடகத்தின் பங்கை ஒயிட்ஹாட் ஜூனியர் விளம்பரங்களைப் போல் துலக்கமாகக் காட்டும் சான்று வேறில்லை. குழந்தைகளுக்கு நிரலாக்கம் கற்பிப்பதாகச் சொன்ன அந்நிறுவனத்தின் விளம்பரங்களில் வுல்ஃப் குப்தா என்றொரு சிறுவன் வந்தான். நிரலாக்கம் கற்று கூகுளில் வேலை பெற்றுவிட்டானாம். ஒரு விளம்பரத்தில் அவனுக்கு 9 வயது, இன்னொன்றில் 13. சம்பளம் ஓரிடத்தில் 1.2 கோடி, இன்னோரிடத்தில் 20 கோடி. அப்படி ஒரு சிறுவனே இல்லை; அவன் கற்பனைப் பாத்திரம் என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2020இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்ட பிறகு ஐந்து விளம்பரங்கள் விலக்கப்பட்டன.

வயதும் சம்பளமும் ஏன் மாறிக்கொண்டே இருந்தன? கவனக்குறைவு என்று நினைப்பவர்கள் இத்தொழிலை அறியாதவர்கள். இணைய விளம்பரத்தில் ஒரே செய்தியின் பல வடிவங்களை ஒரே வேளையில் ஓடவிட்டு, எது அதிகம் சொடுக்கப்படுகிறது என்று பார்த்து, வென்றதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுவது வழக்கமான முறை. நாம் இதைச் ‘சோதித்துக் கற்றல்’ என்று மதிப்பாகக் கற்பிக்கிறோம். அம்முறைக்கு உண்மை என்பது ஒரு மாறி மட்டுமே. எந்த வயதைச் சொன்னால் ஒரு தாய்க்குத் தன் மகன் பின்தங்கிவிட்டான் என்று தோன்றுமோ, அந்த வயதை நோக்கியே அது விளம்பரத்தைத் தள்ளும். வுல்ஃப் குப்தாவை எழுதியவர் யாராயினும், அவனுக்கு இடம் கொடுத்தது இம்முறைதான்.

இதைக் கேள்வி கேட்டவர்களுக்கு நேர்ந்தது என்ன? இந்த விளம்பரங்களைச் சமூக ஊடகத்தில் தொடர்ந்து விமர்சித்த ஒரு பொறியாளர்மீது 2020 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் 20 கோடி ரூபாய் கேட்டு அவதூறு வழக்கு தொடரப்பட்டது. தன் காணொளிகளும் கணக்குகளும் புகார்களின் பேரில் அடுத்தடுத்து நீக்கப்பட்டதாக அவர் கூறினார். 2021 மே மாதம் நிறுவனமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எண்ணற்ற விளம்பரங்களை எவரும் தடுக்கவில்லை. ஒரு தனிமனிதரின் மறுப்பு நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. ‘நற்பெயர் மேலாண்மை’ என்ற தலைப்பில் நாம் நடத்தும் பாடத்தில் இது எந்த அலகில் வருகிறது?

இப்போது ‘நிர்வாகக் குறைபாடு’ என்ற வாதத்தை நேராக எதிர்கொள்கிறேன். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்குகளைப் பைஜூஸ் 18 மாதம் கழித்து, 2022 செப்டம்பரில் வெளியிட்டது. மொத்த வருவாய் 2,428 கோடி ரூபாய்; இழப்பு 4,588 கோடி. விளம்பரத்துக்கும் விற்பனை ஊக்கத்துக்கும் செலவானது மட்டும் 2,200 கோடிக்கு மேல், அதாவது ஈட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏறத்தாழத் தொண்ணூறு காசு. தாமதத்துக்கு நிறுவனம் சொன்ன காரணங்களுள் முதன்மையானது, வருவாயைப் பதியும் முறையை மாற்ற வேண்டியிருந்தது என்பது. பல ஆண்டுகளுக்கு விற்ற பாடங்களின் பணத்தை விற்ற ஆண்டிலேயே வருவாயாகக் காட்ட முடியாது, பாடம் வழங்கப்படும் காலத்துக்குப் பிரித்தே காட்ட வேண்டும். தவணையில் விற்றதைப் பணம் வந்து சேர்ந்த பின்னரே பதிய வேண்டும். அப்படிச் செய்ததும் வருவாயின் கணிசமான பகுதி அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போயிற்று.

இதைக் கணக்கியல் நுணுக்கம் என்று ஒதுக்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெற்றோர் கையெழுத்திட்ட கணத்திலேயே வேலை முடிந்துவிட்டது என்று கருதும் கணக்கேடும், அதே கணத்தை நோக்கியே ஒவ்வொரு ரூபாயையும் செலவிடும் விற்பனை முறையும் வெவ்வேறு நோய்களா? இரண்டிலும் பிள்ளை கற்பது என்ற நிகழ்வுக்கு இடமே இல்லை. தணிக்கைக் கோட்பாடு மிக எளிய ஒன்றையே கேட்டது: கற்பித்த பின் வருவாய் எழுது. அந்த ஒரு நிபந்தனையை ஏற்றதும் நிறுவனத்தின் உருவமே பாதியாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டின் கணக்குகளும் தாமதமானதைச் சுட்டி 2023 ஜூனில் டெலாய்ட் தணிக்கைப் பொறுப்பிலிருந்து விலகியது. பெரு முதலீட்டாளரான புரோசஸ் 2024இல் தன் பங்கின் மதிப்பைச் சுழியாக்கிக்கொண்டது. நாமோ பங்கின் மதிப்பு சுழியானதைப் பாடமாக்கினோம். அந்த மதிப்பு எங்கிருந்து உருவானது என்பதைப் பாடமாக்கவில்லை.

நிறுவனத்தின் தரப்பிலிருந்தே வந்த ஒரு சான்றும் உண்டு. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பைஜு ரவீந்திரனுக்கு அழைப்பாணை அனுப்பியது. அதன்பின் நிறுவனம் அளித்த உறுதிமொழிகளில் ஒன்று, மாத வருமானம் 25,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு இனிப் பாடங்களை விற்பதில்லை என்பது. வீடு தேடிச் சென்று விற்கும் முறையையும் கைவிட்டுவிட்டதாகக் கூறியது. நல்லது. ஆனால் அந்த ‘இனி’ என்ற சொல்லின் மறுபக்கத்தில் எத்தனை குடும்பங்கள் நின்றன? தள்ளிவைக்க வேண்டியவர்கள் யார் என்பதை அடையாளம் காண முடிந்த நிறுவனத்துக்கு, முன்னமே அது முடியாமல் போனதா?

அச்சம் ஏன் இவ்வளவு எளிதாக விலைபோயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோரின் பேராசை என்று பழிபோடும் மேட்டிமைப் பேச்சு நம்மிடையே உண்டு. ஏசர் ஆய்வின்படி 2018இல் இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய 2022இல் அது 42.8 விழுக்காடாகக் குறைந்தது. பள்ளி கைவிட்டுவிடும் என்ற பெற்றோரின் ஐயம் கற்பனையன்று. மெய்யான அந்தக் காயத்தின்மேல்தான் பொய்யான சிறுவனின் படம் ஒட்டப்பட்டது.

அப்படியானால் கல்வியைச் சமூக ஊடகத்தில் கொண்டுசெல்வதே தவறா என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. பிரயாக்ராஜைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் யூடியூபில் இயற்பியல் நடத்தத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததே பிசிக்ஸ்வாலா. அங்கே விளம்பரமும் பாடமும் ஒன்றே. மாணவர் முழுப் பாடத்தையும் பார்க்கிறார், புரிகிறதா என்று தாமே அறிகிறார், பிறகு பணம் கட்டுவதா என்று முடிவெடுக்கிறார். அந்நிறுவனத்துக்கு நான் நற்சான்றிதழ் வழங்கவில்லை. 2022இல் பெருமுதலீடு நுழைந்த பின் அதன்மீதும் அதே வளர்ச்சி அழுத்தம் இருக்கும் என்பது தெளிவு. பொருளைப் பயனர் தாமே சோதிக்க முடிகிற சந்தைப்படுத்தலும், பயனரைத் தாண்டி வேறொருவரின் பதற்றத்தை விலையாக்குகிற சந்தைப்படுத்தலும் ஒரே பெயருக்கு உரியவையல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

வகுப்பறைக்குத் திரும்புவோம். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு இவ்வளவு, அவர் வாழ்நாளில் தரும் வருவாய் இவ்வளவு, பின்னது முன்னதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் நலம். இந்தச் சூத்திரத்தைத் தொழில்முனைவு பயிலும் எந்த மாணவரும் தூக்கத்திலும் சொல்வார். பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் எத்தனை பேர், வாங்கிய பாடத்தை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் சூத்திரம் பாடத்திட்டத்தில் இல்லை. இருக்கவும் முடியாது, நம் கேஸ் ஸ்டடிகள் பெரும்பாலும் நிறுவனர் நேர்காணல்களிலிருந்தும் நிறுவனம் வெளியிட்ட எண்களிலிருந்தும் எழுதப்படுபவை. விளம்பரப் பிரிவு தயாரித்ததை எடுத்து, மேற்கோள் குறி இட்டு, ஆய்வு என்று பெயரிட்டு அதற்கே திருப்பிக் கொடுக்கிறோம். பல்கலைக்கழகத்தின் முத்திரை விழுந்த பின் அது முதலீட்டாளர் கூட்டத்தில் சான்றாகிறது. இந்தச் சங்கிலியில் நாமும் ஒரு கண்ணி.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற பதிலும் போதாது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டு நெறிமுறை வெளியிட்டது. போலி அவசரம், சந்தாப் பொறி, மறுப்பவரை வெட்கப்படுத்துதல் எல்லாம் அதில் உள்ளன. வரவேற்க வேண்டியதே. ஆனால் அதன் பார்வை திரையோடு நின்றுவிடுகிறது. பிள்ளையின் முன்னிலையில் ‘உங்கள் மகனின் எதிர்காலத்துக்கு இதைக்கூடச் செய்யமாட்டீர்களா’ என்று ஒரு தந்தையிடம் கேட்கும்போது, அந்த வெட்கப்படுத்தலுக்குப் பொத்தானும் இல்லை, திரைப்பிடிப்பும் இல்லை.

துறைக்குழுக் கூட்டங்களில் இடம்பெற்றிருக்கும் பேராசிரியர்களிடமும் ஆய்வு மாணவர் பிரதிநிதிகளிடமும் என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த பருவத்தில் எந்தப் புத்தொழில் நிறுவனத்தைக் கற்பித்தாலும், நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகளையும் முன்னாள் விற்பனை ஊழியர்களின் வாக்குமூலங்களையும் நிறுவனரின் நேர்காணலுக்கு இணையான மூலங்களாக வாசிப்புப் பட்டியலில் சேருங்கள். பைஜூஸின் கதையை ‘வீழ்ச்சி’ என்ற கடைசி அலகிலிருந்து எடுத்து, ‘சந்தைப்படுத்தல்’ என்ற முதல் அலகில் வையுங்கள். திவால் நடைமுறையில் கடன் கொடுத்த நிதி நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்களும் கடனாளர் குழுவில் இருக்கையும் உண்டு. பாடத்துக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் பெற்றோர் அந்த வரிசையின் கடைக்கோடியில் நிற்கிறார்கள். அவர்களில் தவணைக்கு வாங்கியவர்கள் கடன்பட்டிருப்பதோ வேறொரு நிதி நிறுவனத்திடம். செயலி நின்றாலும் அந்தத் தவணை நிற்பதில்லை.