300 கஜக் கனவு

கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மாதத்திலேயே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்த வீரர் சிரமமே இல்லாமல் மட்டையைச் சுழற்றினார். பந்து 300 கஜம் தாண்டி விழுந்தது. இவரும் அதேபோல், சொல்லப்போனால் அதைவிட வேகமாக, மட்டையைச் சுழற்றுகிறார். பந்து 140 கஜத்தில் படுத்துவிடுகிறது. அடுத்த பந்து தரையோடு உருள்கிறது. "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்ற முடிவுக்கு வந்து, வாங்கிய மட்டைப் பையைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் கணிசம்.

உண்மையில் 140 கஜத்தில் குறையொன்றும் இல்லை. எதிர்பார்ப்புதான் தவறு.

300 கஜம் என்பது யாருடைய கணக்கு? அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் ஆண்கள் டிரைவர் மட்டையால் அடிக்கும் சராசரி தூரம் அது. 7-ம் எண் அயர்னால் அவர்கள் பந்தை 170 கஜத்துக்கு மேல் காற்றிலேயே பறக்க விடுகிறார்கள். ஆனால் பொழுதுபோக்குக்காக ஆடும் ஆண்களின் டிரைவர் தூரத்தை பிரிட்டனில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தபோது சராசரி சுமார் 215 கஜமே வந்தது. ஹேண்டிகேப் எனப்படும் திறன் எண் 21-க்கு மேல் உள்ளவர்களுக்கு (எண் கூடக் கூடத் திறன் குறைவு) இது சுமார் 180 கஜம். இவர்கள் புதியவர்கள் அல்ல. வாரம் தவறாமல் மைதானத்துக்கு வருகிறவர்கள்.

அப்படியானால் புதிதாகக் கற்கும் ஒருவர் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: நடுத்தர உடல்வாகு கொண்ட ஆணுக்கு டிரைவரில் 150 முதல் 180 கஜம், 7-ம் எண் அயர்னில் 100 முதல் 120, பிட்சிங் வெட்ஜில் 70 முதல் 90. பெண்களுக்கு டிரைவரில் 100 முதல் 140, 7-ம் எண் அயர்னில் 60 முதல் 90. இதுவும் நன்றாகப் பட்ட அடிக்கான கணக்குதான். பத்தில் நான்கைந்து அப்படிப் பட்டாலே ஆரம்பத்தில் திருப்திப்படலாம்.

வித்தியாசத்துக்குக் காரணம் புஜபலம் மட்டும் அல்ல. தொழில்முறை வீரரின் மட்டைத் தலை பந்தைத் தொடும்போது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சாதாரண ஆட்டக்காரருக்கு அது சுமார் 150. புதியவருக்கு இன்னும் குறைவு. இதைவிட முக்கியம், பந்து மட்டையின் எந்த இடத்தில் படுகிறது என்பது. மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகினாலே தூரம் கணிசமாகக் குறையும். வேகத்தைக் கூட்ட முயலும் புதியவர் முதலில் இழப்பது இந்த மையத்தைத்தான். பலமாக அடிக்க அடிக்கப் பந்து கிட்டேயே விழும் விசித்திரத்தின் விளக்கம் இதுவே.

இன்னொரு தவறு, பந்தைத் தூக்கிவிட நினைப்பது. மட்டையின் முகம் சாய்வாக இருப்பதே அதற்காகத்தான். தூக்கும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். அடிப்பவர் தானும் சேர்ந்து தூக்க முயன்றால், பந்துக்குப் பின்னால் மண் பெயரும், அல்லது பந்தின் தலையில் மட்டுமே மட்டை உரசும்.

புத்தகக் கணக்குப்படி ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் 10 முதல் 15 கஜம் வித்தியாசம் இருக்க வேண்டும். புதியவர்களிடம் இது இருப்பதில்லை. அவர்களின் 5-ம் எண் அயர்னும் 7-ம் எண் அயர்னும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பந்தைப் போடும். சாய்வு குறைந்த மட்டை பந்தை உயரே அனுப்ப வேண்டுமானால் வேகம் வேண்டும். அது இன்னும் கைகூடவில்லை. எனவே ஆரம்பத்திலேயே முழு செட் வாங்குவது பணத்துக்குக் கேடு. ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது; குறைந்தது இத்தனை வேண்டும் என்று சொல்லவில்லை. ஆறேழு மட்டைகள் தாராளமாகப் போதும்.

நண்பரோடு ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1970-களில் 7-ம் எண் அயர்னின் சாய்வு பொதுவாக 38 டிகிரி வாக்கில் இருந்தது. இன்று விற்கும் பல மட்டைகளில் அது 30 டிகிரி, சிலவற்றில் அதற்கும் கீழே. அதாவது பழைய 5-ம் எண்ணின் மேல் 7 என்று பொறித்து விற்கிறார்கள். "என் செவன் அயர்ன் 150 போகும்" என்று ஒருவர் மார்தட்டினால், அதில் பாதிப் பெருமை உற்பத்தியாளருக்குச் சேர வேண்டியது.

இடமும் பருவமும்கூடக் கணக்கை மாற்றும். சென்னை நந்தனத்தில் உள்ள காஸ்மாபாலிட்டன் கிளப் மைதானம் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. ஊட்டியோ 2,200 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் அதே அடி சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கலாம். நந்தனத்தில் 150 கஜம் போன பந்து ஊட்டியில் 160-ஐத் தாண்டினால், மலையில் திறமை வளர்ந்துவிட்டது என்று பொருளல்ல. அதேபோல் கோடையில் இறுகிய தரையில் 20 கஜம் உருண்ட பந்து, ஐப்பசி மழையில் விழுந்த இடத்திலேயே புதையும். ஆகவே பந்து பறக்கும் தூரத்தையும் உருளும் தூரத்தையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்வது அவசியம். கிரீனுக்கு முன்னால் இருக்கும் குட்டையையும் மணல் பள்ளத்தையும் உருண்டு கடக்க முடியாது.

புதியவர்கள் ஆட்டத்தில் அதிகம் இழப்பது இங்கேதான். என்றோ ஒருநாள் அதிர்ஷ்டவசமாக 130 போன அடியை மனதில் வைத்து, 130 கஜத்துக்கு அதே மட்டையை எடுக்கிறார்கள். பந்து வழக்கம்போல் 110-ல், மணலிலோ நீரிலோ இறங்குகிறது. இதற்கு மருந்து எளிது. பயிற்சித் திடலில் ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்து அடிக்க வேண்டும். மிக நன்றாகப் போன இரண்டையும் மிக மோசமான இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி ஆறின் சராசரியை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். தேய்ந்த பயிற்சிப் பந்துகள் சற்றுக் குறைவாகவே போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். மைதானத்தில் சந்தேகம் வந்தால் ஒரு படி பெரிய மட்டை.

இந்தச் சிறிய எண்களால் என்ன சாதிக்க முடியும்? 380 கஜம் நீளமுள்ள, நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். முதல் அடி 160, அடுத்தது 120, மூன்றாவது 100. பந்து கிரீனில். இரண்டு தள்ளலில் குழிக்குள். மொத்தம் ஐந்து, நிர்ணயித்ததைவிட ஒன்றே அதிகம். பதினெட்டுக் குழிகளிலும் இப்படி ஒன்று கூடினால், 72-க்கு வகுக்கப்பட்ட மைதானத்தில் 90 வரும். பத்து ஆண்டுகளாக 300 கஜத்தைத் துரத்துகிற பலர் இந்த 90-ஐக் கண்டதே இல்லை.

உச்சத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட். பெங்களூரின் அதிதி அசோக் அப்போது உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தார். அந்த ஆண்டுதான் கோவிட் அவர் உடலைத் தளர்த்தியிருந்தது. களத்தில் இருந்த 60 பேரில் டிரைவ் தூரத்தில் அவர் கடைசி வரிசை. மற்றவர்கள் சிறிய அயர்னை எடுத்த இடங்களில் அவர் ஹைபிரிட் மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் எந்த மட்டை எவ்வளவு போகும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கிரீனில் பந்தைத் தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான்கு நாட்களில் 269 அடி. தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டாவுக்கு 267. ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு அதிதி நான்காவதாக வந்தார்.

ஆண்களிலும் உதாரணம் இருக்கிறது. கல்கத்தாவில் மைதானப் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா நீண்ட தூரம் அடிப்பவர் என்று பெயர் வாங்கியதில்லை. இருபுறமும் புதர் மண்டிய, குறுகலான டெல்லி கோல்ஃப் கிளப் மைதானத்தில் 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸையும் 2016-ல் இந்தியன் ஓபனையும் வென்றார். அங்கே பல குழிகளில் டிரைவரைப் பைக்குள் விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

தூரம் தேவையே இல்லை என்று வாதிடுவது அசட்டுத்தனம். திறமை சமமாக இருந்தால் தூரம் அடிப்பவரே ஜெயிப்பார். சிறுவர்களை முதலில் பலமாக வீசப் பழக்கி, பிறகு திசையைத் திருத்தும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். வளரும் உடலுக்கு அது பொருந்தும். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் 45 வயதுக்காரருக்குப் பொருந்தாது. கோல்ஃபில் அதிகம் காயப்படும் இடங்களில் ஒன்று கீழ்முதுகு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வீசும் வீச்சு 10 கஜத்தைக் கூட்டலாம். இரண்டு மாத ஓய்வையும் கொண்டுவரலாம். பந்து மையத்தில் படத் தொடங்கிய பிறகு தூரம் தானாகவே கொஞ்சம் கூடும். அதுவரை பொறுப்பதே லாபம்.

ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை அடி என்று மட்டும்தான் அது கேட்கிறது. எவ்வளவு தூரம் என்று எழுத அதில் இடமே இல்லை.