வானில் ஒரு மணி, தரையில் நான்கு மணி

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். விமானப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடந்த விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள அத்தை வீட்டுக்குச் சென்றபோது, வாசலிலிருந்து வாசல்வரை நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஐந்து மணி நேரம் ஆனது! நெரிசல் இல்லாத நாளில் பேருந்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மீதி நான்கு மணி நேரம் எங்கே போனது? சிப்பாங் விமான நிலையம் தலைநகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இரண்டு மணி நேரம் முன்னதாகச் செல்ல வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை, இரு நாட்டுக் குடிநுழைவு, பெட்டிக்கான காத்திருப்பு. இலண்டன் போன்ற 13 மணி நேரப் பயணத்தில் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. குறுகிய பயணத்தில் அதுவே பெரும்பங்கு.

2016-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட அதிவேக இரயில் திட்டம் இதற்குத்தான் தீர்வு சொன்னது. 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடக்கலாம். புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். ஆனால், 2020 இறுதியில் அது கைவிடப்பட்டது. மலேசியா 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல் இழப்பீடு செலுத்தியது.

அதே குடிநுழைவு முறை ஜொகூர் பாரு–உட்லண்ட்ஸ் இடையிலான 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் இரயில் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வேகமான வாகனம் மட்டும் போதாது. வரிசைகளும் குறைய வேண்டும். இனி ஒரு திட்டத்தை எடைபோடும்போது, வாகனத்தின் வேகத்தோடு வாசலிலிருந்து வாசல்வரை ஆகும் நேரத்தையும் கேட்போம்.