வசீகரம் என்ற வசை

வீட்டில் தனியாளாக உட்கார்ந்து யாரோ செய்த வீடியோ விளையாட்டைப் பற்றி எழுத நேரும்போது விமர்சகர்களுக்குக் கைகொடுக்கிற வார்த்தை ஒன்று உண்டு: வசீகரம். கரடுமுரடுதான், ஆனால் வசீகரமாக இருக்கிறது என்பார்கள். குழந்தையின் கிறுக்கலைச் சுவரில் ஒட்டிவைத்துத் தட்டிக்கொடுக்கிற குரல் இது. என் ஆட்சேபம் அந்த 'ஆனால்' மீது. கரடுமுரடு என்பது மன்னித்துவிடப்பட்ட குறை என்றாகிவிடுகிறது. அது குறையா, உருவமா என்று யாரும் கேட்பதில்லை.

2004இல் ஜப்பானில் வெளிவந்த 'யுமே நிக்கி'யை எடுத்துக்கொள்ளலாம். கனவுக் குறிப்பேடு என்று பொருள். செய்தவர் கிகியாமா, அது புனைபெயர், ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. பயன்படுத்திய சாதனம் 'ஆர்பிஜி மேக்கர் 2003'. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் வீரன், அரக்கன், கடைத்தெரு எல்லாம் வைத்து சாகசக் கதை பண்ணிக்கொள்வதற்காக விற்கப்பட்டது. கிகியாமா அதிலிருந்து யுத்தத்தையும் வசனத்தையும் கழற்றி எறிந்தார். மிஞ்சியது மதோட்சுகி என்ற பெண், ஓர் அறை, ஒரு படுக்கை. வாசல் கதவருகே அவளைக் கொண்டுபோனால் தலையசைத்து மறுக்கிறாள். தூங்கினால், கனவில் அதே கதவு திறக்கிறது. அப்பால் 12 கதவுகள். ஒவ்வொன்றின் பின்னும் ஓர் உலகம். பல உலகங்களுக்கு எல்லையே கிடையாது. ஒரு விளிம்பைக் கடந்தால் எதிர் விளிம்பில் நுழைகிறோம். இசை சற்று ஒலித்து முடிந்து மீண்டும் அதையே தொடங்குகிறது. எங்கே போக, எதற்காக என்று யாரும் சொல்வதில்லை.

தொழில் தெரியாதவரின் கைவேலை என்பவர்கள் இங்கே சலிப்பு என்ன வேலை செய்கிறதென்று பார்க்க வேண்டும். வெற்று நிலத்தில் நிமிஷக்கணக்காக நடந்து கவனம் தளர்ந்தபின் ஒரு வீடு. உள்ளே ஒரு பெண். விளக்கை அணைத்தால், 64க்கு ஒன்று என்ற கணக்கில், அவள் முகம் வேறொன்றாக மாறிவிடுகிறது. முன்னறிவிப்பில்லை, விளக்கமில்லை. பெருமுதல் போட்ட ஸ்தாபனம் எதுவும் தன் உச்சக்கட்டத்தை 64இல் 63 தடவை ஒளித்துவைக்கச் சம்மதிக்குமா?

2018இல் கடோகவா ஸ்தாபனம் இதையே முப்பரிமாணத்தில் புதுப்பித்து வெளியிட்டது. புதிர்கள், துரத்தல்கள், நேர்த்தியான ஒளியமைப்பு. கிகியாமாவின் ஒத்துழைப்பும் உண்டு என்றார்கள், இருக்கட்டும். வேலை மோசமில்லை. ஆனால் அதில் வழி தெரிகிறது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிகிறது. மூலத்தில் இருந்த பயம் போயே போய்விட்டது. வசீகரக்காரர்களின் தர்க்கப்படி குறை நீங்கிய பிரதி உயர்ந்திருக்க வேண்டும்.

யாருக்கும் தெரியாது என்பதாலேயே ஒன்றைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிற கூட்டமும் இருக்கிறது. அவர்களோடும் எனக்கு ஒட்டுறவில்லை. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை குப்பைதான். சிறுபத்திரிகைக் கவிதைகளில் பெரும்பாலானவை போல.

இன்று இத்தகையவற்றில் ஏராளமானவை கிடைக்குமிடம் 2013இல் தொடங்கிய 'இட்ச்.ஐஓ' என்ற இணையதளம்; யாரும் தாம் செய்ததை அங்கே போடலாம். 2025 ஜூலையில் பணப்பட்டுவாடா ஸ்தாபனங்களின் நெருக்கடியில், பாலியல் விஷயம் உள்ளதாக வகைப்படுத்தப்பட்ட அனைத்தையும் அது தேடுபட்டியலிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிட்டது. வெறும் ஆபாசமும், ஒருவர் தன் உடலைப் பற்றிச் சொல்லத் துணிந்ததும் ஒரே கோணிக்குள். இலவசமானவற்றைப் பின்னர் திரும்பச் சேர்த்தார்கள். (வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இந்தப் போக்கு புதிதல்ல. 'ரிஸ்க்' என்று குறித்தாகிவிட்டால் அப்புறம் ஃபைலைத் திறப்பாரில்லை.) அந்தக் கோணியிலிருந்து ஒன்றை வெளியே எடுக்க வேண்டுமானால் அது என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். பணப்பட்டுவாடாக்காரனிடம் போய் வசீகரமாக இருக்கிறது ஐயா என்று சொன்னால் அவன் தலையாட்டுவான், மறுக்கமாட்டான், பட்டியலில் மட்டும் சேர்க்கமாட்டான்.