கோவிவனுக்கு ஒரு கல்

"ஏம்மா, ஒரு நாய்க்குப் போய் இப்படியா? எழுந்து வந்து ஒரு வாய் சாப்பிடு." வளர்த்த நாய் இறந்துபோன வீட்டில் இரண்டாம் நாளே இந்தக் குரல் கேட்க ஆரம்பித்துவிடும். சொல்கிறவர்கள் கெட்ட மனசுக்காரர்கள் இல்லை. மனிதர் போனால் பந்தல், சங்கு, பால் தெளிப்பு, பத்தாம் நாள் என்று அழுவதற்கும் ஆறுவதற்கும் நாள் குறித்து வைத்திருக்கிறோம். நாய் போனால் அப்படி எதுவும் கிடையாது. துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை, ஆபீஸில் லீவு கேட்கவும் கூச்சம். அதனால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கங்களைப் பற்றி அமெரிக்காவில் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-ல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். துக்கத்தைவிட, அதை மறைக்க வேண்டியிருப்பதுதான் ஆளை அதிகம் வாட்டுகிறது.

நாய்க்காக அழுவது டவுன்காரர்களின் புதுப்பழக்கம், வெளிநாட்டைப் பார்த்து வந்தது என்று நினைக்கிறவர்கள் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.

மலைக்குத் தெற்கே விரிந்து கிடக்கிறது செங்கம் பகுதி. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடுகிற நன்னனின் செங்கண்மா இதுதான். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவற்றில் பலவற்றை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று சொல்லி இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். தமிழக அரசின் தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் இவற்றைத் தேடித் தேடிப் படியெடுத்தது. அப்படி வெளிச்சத்துக்கு வந்த கற்களில் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்தில் உள்ள எடுத்தனூர் நடுகல்.

வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. காலம், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி, இன்றைக்குச் சுமார் 1400 வருஷத்துக்கு முன்னால். இறந்தவன் ராஜா இல்லை, தளபதியும் இல்லை. வாணகோ அரசரின் உறவினரான பொற்றொக்கையார் என்பவரிடம் இருந்த ஒரு சேவகன். கருந்தேவக்கத்தி என்று பெயர். எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டவன். கல்லில் ஆயுதத்தோடு அவன் நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது.

நாயின் உருவத்தோடு விட்டிருந்தால் அலங்காரத்துக்குச் செதுக்கினார்கள் என்று நகர்ந்துவிடலாம். ஆனால் நாய்க்கென்று தனியாக எழுத்து இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். நாய்க்குப் பெயர் இருந்ததும், அந்தப் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்ததும், அதை எஜமானின் கல்லிலேயே பொறிக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதும் சாதாரண விஷயம் இல்லை. கல்லில் எழுத்து வெட்டுவது கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் உளி இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் மனிதர்களிலேயே எத்தனை பேருடைய பெயர் கல்லில் ஏறியது?

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. கருந்தேவக்கத்தியைப் பற்றிச் சொல்லும்போது 'பட்டான்', அதாவது இறந்தான் என்று வருகிறது. கோவிவனுக்கு அந்தச் சொல் இல்லை. 'காத்திருந்தவாறு' என்றுதான் முடிகிறது. நாய் அன்றைக்கே செத்ததா, எஜமானின் உடலைக் காத்துக்கொண்டு இன்னும் சில நாள் கிடந்ததா, கல் சொல்லவில்லை. காத்திருந்தது என்ற ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறது.

இது ஒற்றைக் கல்லோடு முடிந்த விஷயமும் அல்ல. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு நடுகல் இருக்கிறது. கர்நாடகத்தில் மாண்டியா பக்கம் ஆதகூரில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் கதை நம் ஊரோடு தொடர்புள்ளது. அரக்கோணம் பக்கத்தில் இருக்கிற தக்கோலத்தில் 949-ல் நடந்த போரில்தான் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். எதிரணியில் இருந்த கங்க மன்னன் பூதுகன், நன்றாகச் சண்டையிட்ட தன் வீரன் மணலேராவைப் பார்த்து, என்ன வேண்டுமோ கேள் என்றான். மணலேரா நிலம் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. அரசனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, அதையும் கொன்று தானும் செத்தது காளி. சிவன் கோயில் முன்னால் அதற்குக் கல் நட்டு, நிலமும் மானியமாக விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கிய அந்தக் கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போரில் ஜெயித்தவன் கேட்ட பரிசு ஒரு நாய் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிற வீட்டுக்காரம்மா மீது யாருக்கும் சிரிப்பு வராது.

ஜவ்வாது மலைமேல் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போகிறவர்கள், சாமைக் காட்டு ஓரத்திலும் ஆட்டுப் பட்டி வாசலிலும் நாய்கள் படுத்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே நாயை மடியில் வைத்துக் கொஞ்சுகிற வழக்கம் குறைவு. மிச்சச் சோறுதான் சாப்பாடு. ஆனால் கதிர் முற்றுகிற நாளில் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் எழுந்து ஓடுவது அதுதான். அப்படி ஒரு நாய் இல்லாமல் போனால் முதல் ராத்திரியே தெரியும். குரைப்பு கேட்காத இருட்டில் தூக்கம் வராது. கொஞ்சினால்தான் பாசம் என்றில்லை.

டவுன் வீடுகளில் இழப்பு வேறு நேரத்தில் வந்து குத்தும். ராத்திரி சோறு பிசையும்போது கை தானாக ஒரு பிடியை ஒதுக்கும். கேட் சத்தம் கேட்டதும் காது எதையோ எதிர்பார்க்கும். ஆணியில் தொங்கும் சங்கிலியை எடுத்துப் பரணில் போடவும் மனம் வராது, பார்க்கவும் முடியாது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, நாயோடு தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு இது இன்னும் கடினம். காலையில் அவர்களை நடக்கக் கூட்டிப்போனதே அந்த நாய்தான். அது போனதும் நடையும் நின்றுவிடும், தெருமுனையில் நாலு பேரோடு பேசுகிற பேச்சும் நின்றுவிடும். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், ஆறுதல் சொல்லத் தேட வேண்டாம். காலையில் போய், "வாங்க சார், ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் போதும்.

குழந்தைகளிடம் 'ஓடிப்போயிடுச்சு' என்று பொய் சொல்லாதீர்கள். ஓடிப்போனது ஒருநாள் திரும்பி வரும் என்று அது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தன்மீது பிரியம் இல்லாமல்தான் போய்விட்டது என்றும் நினைத்துக்கொள்ளும். செத்துப்போச்சு என்று சொல்லுங்கள். புதைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு பூவைப் போடட்டும்.

சிலருக்கு அழுகையைவிடக் குற்ற உணர்வு பெரிதாக இருக்கும். டாக்டரிடம் ஒருநாள் முன்னால் போயிருக்கலாமோ, கேட்டைச் சரியாகச் சாத்தியிருக்கலாமோ என்று மனம் சுற்றிச் சுற்றி வரும். வலி தாங்காத நாய்க்குக் கடைசி ஊசி போடச் சம்மதித்தவர்களுக்கு இது கூடுதலாகவே இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தும் புற்றுநோய் முற்றியும் கிடக்கிற நாய்க்கு நாளை நீட்டுவது பல சமயம் வலியை நீட்டுவதுதான். கடைசியாக மருத்துவம் பார்த்த கால்நடை மருத்துவரிடமே போய்ச் சந்தேகத்தைக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் வருஷக்கணக்கில் சுமப்பவர்கள் உண்டு.

புதைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கிணறு, ஓடை பக்கம் வேண்டாம். மூன்று நான்கு அடி ஆழம் தோண்டி, மண் மூடியபின் மேலே கல் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நரியோ தெருநாயோ கிளறும். சாவதற்கு முன் நாய் தன் இயல்பு மாறி, வாயில் எச்சில் ஒழுக, கண்டதையெல்லாம் கடித்திருந்தால் பாசத்தில் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டவர்கள், காயத்தில் எச்சில் பட்டவர்கள், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதுவும் தேடும். வாசலுக்கும் கொல்லைக்கும் அலையும், தட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துவிடும். வழக்கமான நேரத்துக்குச் சோறு, வழக்கமான நேரத்துக்கு நடை என்று விடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். பல நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதுக்குட்டி எப்போது வாங்கலாம் என்பதற்குக் கணக்கு இல்லை. ஒரே வாரத்தில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், இனிமேல் வேண்டவே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அழுகிறவரைச் சமாதானப்படுத்த வேறு யாராவது குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் போடுவதுதான் கூடாது. வாங்கும்போது பழைய நாயின் பெயரையே வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு வரும். வேண்டாம், குட்டிக்கு வேறு பெயர் தேடுங்கள். பழைய பெயரைக் கொல்லையில் வைத்த அந்தக் கல்லில் எழுதிவிடுங்கள். இடம் இருந்தால், அது என்ன செய்தது என்று ஒரு வரியும்.