மேக் சாஃப்ட்வேருக்கு ஏன் இந்தப் பூட்டு?

புதிதாக அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் வாங்கிய என் சித்தப்பா போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். “ஏம்ப்பா, இதுல விண்டோஸ் போடறோம், லினக்ஸ் போடறோம். அந்த ஆப்பிள் மேக்கை மட்டும் காசு கொடுத்து வாங்கிப் போட முடியாதா?”

முடியாது என்று உடனே சொல்லிவிட்டேன். “ஏன்?” என்றபோதுதான் யோசிக்க வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் எஞ்சினியராக எனக்கு ஒரு பதில் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனாக வேறு ஒரு பதில் இருக்கிறது.

கம்ப்யூட்டரின் எல்லா பாகங்களையும் இயக்குவது ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தனியாக விற்கிறது. லினக்ஸ் இலவசம். ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸை மட்டும் ஆப்பிள் தயாரித்த கம்ப்யூட்டரில்தான் இன்ஸ்டால் செய்யலாம் என்று அதன் லைசென்ஸ் நிபந்தனை போடுகிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1995-ல் பவர் கம்ப்யூட்டிங் போன்ற கம்பெனிகள் ஆப்பிளின் அனுமதியோடே மேக் ஓஎஸ் போட்ட கம்ப்யூட்டர்களை விற்றன. அவை ஆப்பிளின் சொந்த விற்பனையையே தின்ன ஆரம்பித்தன. 1997-ல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் இந்த ஏற்பாட்டை நிறுத்தினார். பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வியாபாரத்தை 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து ஆப்பிளே வாங்கிக்கொண்டது.

ஒரு கம்பெனி மிக்ஸியின் ஜார் இன்னொரு கம்பெனி மிக்ஸியில் பொருந்தாது. அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. மேக்கும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். 2006 வரை அது ஓரளவு சரி. அந்த வருடம் ஆப்பிள் இன்டெல் பிராசஸருக்கு மாறியது. இப்போது ஜார் பொருந்துகிறது, ஆனால் பூட்டு தடுக்கிறது! அதே 2006-ல் மேக்கில் விண்டோஸ் போட உதவும் பூட் கேம்ப் என்ற சாஃப்ட்வேரை ஆப்பிளே வெளியிட்டது. அடுத்த வீட்டுச் சாமான் நம் வீட்டுக்கு வரலாம், நம் சாமான் மட்டும் வெளியே போகக்கூடாது என்பது என்ன நியாயம்?

2008-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சைஸ்டார் என்ற சிறிய கம்பெனி, சாதாரண பாகங்களில் மேக் ஓஎஸ் போட்டு விற்றது. ஆப்பிள் வழக்குப் போட்டது. காசு கொடுத்து வாங்கிய மேக் டிஸ்க்கைத்தான் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று சைஸ்டார் சொல்லிப் பார்த்தது. கோர்ட் ஏற்கவில்லை. காப்பிரைட் மீறல் என்று 2009-ல் தீர்ப்பு வந்தது. 2011-ல் அப்பீலிலும் ஆப்பிளே ஜெயித்தது.

எஞ்சினியராக ஆப்பிளின் பக்கம் எனக்குப் புரிகிறது. விண்டோஸ் ஆயிரக்கணக்கான மதர்போர்டுகளிலும் கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் ஓட வேண்டும். ஒரு டிரைவர் சரியில்லை என்றாலும் திட்டு விண்டோஸுக்குத்தான். சில மாடல்களுக்கு மட்டும் எழுதுகிறவனுக்கு இந்தத் தலைவலி குறைவு. மேக் ஒழுங்காக ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அதற்கு விலை கொடுப்பது நாம்தான். எம் வரிசை சிப் உள்ள மேக்குகளில் பிற்பாடு ரேம் சேர்க்க முடியாது. வாங்கும்போதே கம்பெனி சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். கம்ப்யூட்டரின் ஆயுளையும் கம்பெனியே முடிவு செய்கிறது. 2020-ல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2025-ல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி மேக் ஓஎஸ் என்றும் அறிவித்துவிட்டது. நன்றாக ஓடும் மெஷினும் இதனால் பழசாகிவிடும்.

விண்டோஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி கேட்கிறது. அது இல்லாத பழைய கம்ப்யூட்டர்கள் இங்கேயும் வாசலில்தான் நிற்கின்றன.

என் கருத்து இதுதான். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு உதவி செய்ய மாட்டேன் என்று சொல்ல ஒரு கம்பெனிக்கு உரிமை உண்டு. “ஓடினால் ஓடட்டும், பொறுப்பு உங்களுடையது” என்று எழுதிவிட்டு விற்கலாமே. பூட்டுப் போட்டுத் தடுப்பது தரத்துக்காக மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மெஷின் விற்பனையைக் காப்பதற்காகவும்தான். 1997-ல் நடந்ததே அதற்குச் சாட்சி.

அதற்காகப் பூட்டை உடைத்த காப்பிகளைத் தேடிப் போகாதீர்கள். அது லைசென்ஸுக்கு விரோதம். யாரோ மாற்றி எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பாங்க் பாஸ்வேர்டை டைப் செய்வது ஆபத்தும்கூட.

வாங்கும் முன்பு கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரேமையும் டிஸ்க்கையும் பிறகு கூட்ட முடியுமா? எத்தனை வருடம் அப்டேட் வரும்? அது நின்றபின் வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் போட முடியுமா? பதில் திருப்தியாக இருந்தால் மேக்கும் வாங்கலாம், தவறில்லை.

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸும் போட்டுக் கொடுத்தேன். எந்த லைசென்ஸும் அதைத் தடுக்கவில்லை.